இரவல் வாய்

பிரசங்கியார் வாயைத் திறப்பதற்குள் பிரகாசம் மூச்சை இழுத்துக்கொண்டுவிடுவார். ஆவடி மைதானத்தில் சவுக்குக் கம்புகளில் டியூப்லைட் கட்டி, மேடையில் இரண்டு மைக் வைத்திருப்பார்கள். ஒன்று ஐயாவுக்கு, மற்றது இவருக்கு. ஐயா அமெரிக்காவிலிருந்து வந்தவரோ கோட்டயத்திலிருந்து வந்தவரோ, இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்த வேண்டும். பிரகாசம் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான். ஆனால் ஐயா “மை டியர் பிரண்ட்ஸ்” என்று ஆரம்பித்தால் போதும், “எனக்கு மிகவும் அருமையானவர்களே, இந்த மாலை வேளையில் பஸ்ஸிலும் சைக்கிளிலும் கால்நடையாகவும் வந்து கூடியிருக்கிற சகோதரரே, சகோதரிகளே” என்று புறப்பட்டு, பின்வரிசையில் பாய் கிடைக்காமல் நிற்பவர்கள் வரை நலம் விசாரித்துவிட்டுத்தான் இவர் நிற்பார். அதுவரை ஐயா சிரித்த முகமாக நிற்க வேண்டும். அனுபவப்பட்ட ஐயாமார்கள் அந்த நேரத்தில் தண்ணீர் குடித்துக்கொள்வார்கள்.

பகலில் அவர் பாடியில் ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் கிளார்க். வீடு அம்பத்தூர் ஒரகடத்தில். காலையில் யார் தாமதமாக வந்தார்கள் என்று பார்ப்பது உத்தியோகம், சாயங்காலமானால் ஊழியம். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சபை கூட்டம் போட்டாலும், நோட்டீஸில் பிரசங்கியாரின் படத்துக்குக் கீழே ‘மொழிபெயர்ப்பு: சகோ. பிரகாசம்’ என்று அச்சடித்திருக்கும். அந்த எழுத்து வருஷத்துக்கு வருஷம் சின்னதாகிக்கொண்டே வருவதாக அவருக்கு ஒரு மனக்குறை உண்டு. சித்திரை வெயிலிலும் முழுக்கை வெள்ளைச் சட்டைதான் போடுவார். பொத்தானைக் கழுத்து வரை மாட்டாமல் இங்கிலீஷ் சரியாக வராது என்பது அவருடைய நம்பிக்கை.

அவருக்கு இரண்டு மொழி தெரியும் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் மூன்று. கொரட்டூரில் பிறந்து, குழாயடியிலும் கோலி மைதானத்திலும் பழகிய தமிழ் ஒன்று. ‘இன்னா’, ‘கீது’, ‘ஊடு’ எல்லாம் அதில் தாராளமாகப் புழங்கும். ‘ஆகையால்’, ‘என்னவெனில்’, ‘இவ்விதமாய்’ என்று இஸ்திரி போட்டு மடித்து வைத்த மேடைத் தமிழ் இன்னொன்று. மூன்றாவது, மிஷன் பள்ளிக்கூடத்தில் பிரம்படியோடு வந்து சேர்ந்த இங்கிலீஷ். மேடையில் இங்கிலீஷ் காதில் நுழையும், மேடைத் தமிழ் வாயில் வரும். கொரட்டூர்த் தமிழுக்கு அங்கே அனுமதி கிடையாது. சுவரில் ஆணி அடிக்கும்போது சுத்தியல் கட்டை விரலில் பட்டால்தான் அது வெளியே வரும். அப்போது அது பேசுகிற பேச்சைக் கேட்டால் எந்தச் சபையும் அவருக்கு மைக் கொடுக்காது.

இத்தனை மொழிகளுக்கு நடுவில் வேலை செய்பவருக்கு, தான் சொன்னது என்ன என்பதே தெரியாது. இதை யாரும் நம்பமாட்டார்கள். அவர் மனைவி ஜெயகுமாரி மட்டும் நம்புவார். கூட்டம் முடிந்து கடைசி பஸ்ஸில் வரும்போது பிரகாசம் மெதுவாகக் கேட்பார்: “இன்னிக்கு அவரு இன்னா பேசுனாரு?” ஜெயகுமாரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, “நீங்கதான பேசுனீங்க, என்னியக் கேக்குறீங்க” என்பார். பிறகு மன்னிப்பைப் பற்றி என்றோ, பெருமையைப் பற்றி என்றோ அவரே சுருக்கமாகச் சொல்லிவிடுவார். நல்லாருந்துச்சா என்று இவர் கேட்பார். சொல்லும் பொருளும் உள்ளே வருகிற வழியும் வெளியே போகிற வழியும் அவருக்குள் அத்தனை நேராக இருந்தன. நடுவில் எதுவும் தங்கி இளைப்பாற இடமில்லை.

தொழில் வழக்கம் ஒன்று அவரைப் படுத்தி வைத்தது. மொழிபெயர்ப்பவர் ‘ஐயா இப்படிச் சொல்கிறார்’ என்று சொல்லக்கூடாது. ஐயா ‘நான்’ என்றால் இவரும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். இந்தக் கணக்கில் பிரகாசம் மேடையில் குடிகாரராக இருந்து திருந்தியிருக்கிறார். இரண்டு நாட்டுச் சிறைகளில் இருந்திருக்கிறார். கப்பலில் கஞ்சா கடத்தியிருக்கிறார். கடவுள் இல்லை என்று புத்தகம் எழுதிய பேராசிரியராகவும் கொஞ்ச காலம் இருந்தார். ஒலிபெருக்கிக் குழாயோ ஊர் முழுக்கக் கேட்கும். வீட்டில் இருந்தபடி காதில் விழுந்ததை மட்டும் கேட்டவர்களுக்கு, பேசுவது பிரகாசத்தின் குரல், செய்த குற்றமும் பிரகாசத்தினுடையது. பக்கத்து வீட்டுக் கண்ணம்மா மறுநாள் காலையில் ஜெயகுமாரியின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். “உனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தாளாமே ஜெயா. அவளப் போட்டு அடிச்சாராமே இந்த மனுஷன். மைக்குல அவரே சொல்லிக்கினு கீறாரு, நீ இன்னாடான்னா அவருக்கு டிபன் கட்டிக்கினு கீறே.”

அன்றிலிருந்து, இந்த ‘நான்’ தான் அல்ல என்று ஊருக்குப் புரிய வைப்பதே பிரகாசத்துக்குப் பெரிய பாடாகிவிட்டது. பால்காரரிடம் சொன்னார், ரேஷன் கடை வரிசையில் சொன்னார். கடைசியில் ஒரு பிரசங்கியாரிடமே, கூட்டத்தின் ஆரம்பத்தில் இதை விளக்கிவிடும்படி கேட்டுக்கொண்டார். அவரும் நல்ல மனிதர். மைக்கைப் பிடித்து, இந்தச் சகோதரர் நான் என்று சொல்லும்போதெல்லாம் அது நான்தான் என்று இங்கிலீஷில் விளக்கினார். பிரகாசம் தொழில் சுத்தமாக, “இந்தச் சகோதரர் நான் என்று சொல்லும்போதெல்லாம் அது நான்தான்” என்று தன் நெஞ்சைத் தொட்டுச் சொன்னார். கூட்டம் முன்னிலும் குழம்பிப்போய், அவருக்காக ஜெபம் செய்தது.

மைக் பக்கத்தில் நின்று நின்று மொழிபெயர்ப்பது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. ஒரு தடவை திருநெல்வேலியிலிருந்து ஒரு போதகர் வந்தார். தமிழிலேயே பேசினார். மொழிபெயர்ப்புக்கு வேலையில்லை என்று யாரும் பிரகாசத்திடம் சொல்லவில்லை போலிருக்கிறது. போதகர் ஒரு வாக்கியம் சொல்லி மூச்சு விட்டதும், பக்கத்து மைக்கில் பிரகாசம் அதையே தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தார். போதகர் திரும்பிப் பார்த்தார். முன்வரிசைக்காரர்கள், இப்போதுதான் தெளிவாகப் புரிகிறது, அப்படியே போகட்டும் என்று சைகை காட்டினார்கள்.

தொழிற்சாலையிலும் இதே கதைதான். வடக்கேயிருந்து வந்த மேனேஜர் ஒருவர், தொழிலாளர்களை வாசல் கேட் பக்கத்தில் நிற்க வைத்துக் கழுதைகள் என்று ஆரம்பித்து அதற்கும் கீழே போனார். தமிழில் சொல் என்று பிரகாசத்தைப் பார்த்தார். பிரகாசம் முன்னால் வந்து, சார் உங்கள் எல்லோர் மேலும் பெரிய எதிர்பார்ப்பு வைத்திருக்கிறார் என்றார். லேத்தில் வேலை செய்யும் துலுக்கானம் கையைத் துடைத்துக்கொண்டே, “அண்ணாத்தே, அவ்ளோ நேரம் கத்துனதுக்கு இம்மாந்தானா? அந்தாளு மூஞ்சி வேற இன்னாவோ சொல்லிக்கினு கீது” என்றார். சண்டை வரவில்லை. பிரகாசத்துக்கு அது போதும். இரண்டு மொழிகளுக்கு நடுவில் நிற்பவனின் வேலை, ஒரு பக்கத்துக் குப்பை மறு பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வது என்று அவர் உறுதியாக நம்பினார். கைகலப்பு நடக்காத ஒவ்வொரு நாளும் தன்னால்தான் நடக்கவில்லை என்று கணக்கு வைத்துக்கொண்டார்.

இந்தக் கீர்த்திக்கு ஒரே எதிரி வீட்டுக்குள்ளேயே இருந்தது. மகள் ஞானகுமாரி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். ஒரு காதில் இங்கிலீஷும் மறு காதில் தமிழுமாக நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவள். யார் எதைச் சொன்னாலும் அதை அப்படியே அடுத்த லைனுக்குத் தள்ளுவது அவள் தொழில். கூட்டு குறை எதுவும் கிடையாது. அப்பா மேடையில் பேசினால் அவளுக்கு இரண்டும் கேட்கும், ஐயா சொன்னதும் கேட்கும், அப்பா சொல்லாமல் விட்டதும் கேட்கும். வீட்டுக்கு வந்து, “அவரு சொன்னது கம்மி, நீ போட்டது ஜாஸ்தி” என்பாள். அந்த வேலை அவளுக்கு உயிர். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் முழு எஸ்டேட்டும் தன் விரலில் இருப்பதுபோல் ஒரு மிதப்பு அவளுக்கு. கல்யாணமானாலும் வேலையை விடமாட்டேன் என்று முன்பே சொல்லி வைத்திருந்தாள். பிரகாசம் அதையும் வரன் பேசுபவர்களிடம், பெண்ணுக்குப் பொறுப்பு அதிகம் என்று மொழிபெயர்த்து வைத்திருந்தார்.

தொண்ணூற்றொன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு, பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் நாக்பூரில் இரண்டு தலைமுறையாக இருக்கிற தமிழர்கள். தமிழ் அவர்களுக்குப் பெயரில் மட்டும் மிச்சம். சென்னீர்குப்பத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்து டாக்ஸியில் வந்தார்கள். நடுவில் நின்று பேசியவர், வானகரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஜெயபால். சபைக்குச் சபை வரன் முடித்து வைப்பதில் பேர் போனவர். ஜெயபாலுக்கு இங்கிலீஷ் தெரியும், ஞானகுமாரிக்குத் தெரியும். தெரியாதவர் அந்த ஹாலில் ஜெயகுமாரி ஒருவர்தான். ஆனாலும் மாப்பிள்ளையின் தாயார் இங்கிலீஷில் முதல் வாக்கியத்தைச் சொன்ன உடனே, யாரும் கேட்காமல் பிரகாசம் நாற்காலியை விட்டு எழுந்தார். தாயாரின் பக்கத்தில் போய் நின்றார். கழுத்துப் பொத்தானைச் சரி பார்த்துக்கொண்டார்.

தாயார் கைக்குட்டையால் முகத்தை விசிறிக்கொண்டு, இவ்வளவு தூசியிலும் சாக்கடை நாற்றத்திலும் மனுஷர்கள் எப்படிக் குடியிருக்கிறார்கள் என்று கேட்டார். “உங்கள் பகுதி இத்தனை வேகமாக வளர்ந்திருப்பதைக் கண்டு ஆச்சரியப்படுகிறேன்” என்றார் பிரகாசம், மனைவியின் பக்கம் திரும்பி. ஜெயகுமாரி மகிழ்ந்துபோய் கேக் தட்டை நகர்த்தி வைத்தார். பெண் படத்தில் நல்ல நிறமாகத் தெரிந்தாளே, ஸ்டூடியோக்காரன் என்ன செய்தான் என்று அடுத்த கேள்வி. “படத்தில் கண்டதற்கும் நேரில் காண்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்” என்றார் பிரகாசம். அன்று அவர் செய்ததில் இது ஒன்றுதான் நேர் மொழிபெயர்ப்பு. முகத்தை மட்டும் கொஞ்சம் மலர்ச்சியாக வைத்துக்கொண்டார்.

அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஞானகுமாரி தலை நிமிரவில்லை. காபி டம்ளர்களை எடுக்கும் சாக்கில் ஒரு தடவை அப்பாவைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

பிறகு தாயார் விஷயத்துக்கு வந்தார். வீட்டில் அவர் கணவருக்குப் பக்கவாதம், படுத்த படுக்கை. வைக்கிற ஆயாக்கள் ஒரு மாதம் தாண்டி நிற்பதில்லை. சம்பளமும் அதிகம் கேட்கிறார்கள், திருட்டும் உண்டு. வீட்டுப் பெண்ணாக ஒருத்தி வந்துவிட்டால் துடைப்பதும் பெட்பேன் எடுப்பதும் நிம்மதியாக நடக்கும். ஆகவே டெலிபோன் வேலையை விடுவதாகக் கல்யாணத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இதை அவர் ஒளிவுமறைவு இல்லாமல், டாக்ஸிக்காரரிடம் வழி சொல்வதுபோல் சொன்னார். அந்த வகையில் அவர் நேர்மையான பெண்மணி.

“எங்கள் வீட்டில் ஊழியத்துக்கு மிகுந்த வாய்ப்பு உண்டு” என்றார் பிரகாசம். “வெளியே போய் அலைகிற பாரம் இனி அவளுக்கு இராது.”

ஜெயகுமாரி கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னார். மாப்பிள்ளையின் விருப்பம் என்ன என்று ஜெயபால் கேட்டதற்கு, மம்மி யாரைச் சொன்னாலும் சரி என்று பையன் இங்கிலீஷில் சொல்லிவிட்டு மிக்சரில் முந்திரி தேடினான். “நாங்கள் எல்லோரும் ஒரே மனதாய் இருக்கிறோம்” என்று பிரகாசம் அதையும் முடித்து வைத்தார்.

பிரகாசம் வஞ்சகம் ஒன்றும் செய்யவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். பெட்பேன் என்ற சொல் அவர் காதில் விழுந்தது, ஊழியம் என்று வாயில் வந்தது. நடுவில் இருந்த மனிதர், மேடையில் இருப்பதுபோலவே, காலியாக இருந்தார். சந்தோஷமாகவும் இருந்தார். மகளின் கல்யாணம் நல்ல தமிழில் நடந்துகொண்டிருந்தது.

“அப்பா” என்றாள் ஞானகுமாரி. தலையை நிமிர்த்தியிருந்தாள். “அவங்க சொன்னத எல்லாம் சொன்னே. நான் ஒண்ணு சொல்றேன், அத அவங்களுக்கு இங்கிலீஷ்ல சொல்லு. வேலைய வுட்டுட்டு வந்து படுக்கையில கீற மாமனாருக்குப் பெட்பேன் எடுக்கணும்னு சொன்னாங்க. நீ அத ஊழியம்னு சொன்னே. எனக்கு இந்தக் கல்யாணம் வாணாம்பா. பூசி மெழுகாம, அப்டியே சொல்லு.”

தாயாருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. பெண் ஏதோ மரியாதையாகச் சொல்கிறாள் என்று நினைத்துப் புன்னகையோடு பிரகாசத்தைப் பார்த்தார். ஞானகுமாரிக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. ஆனால் பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணே மாப்பிள்ளையின் தாயாரிடம் நேருக்கு நேர் மாட்டேன் என்றால், பாடியிலிருந்து பூந்தமல்லி வரை எந்தச் சபையிலும் அவள் பேச்சு அடிபடாமல் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். தவிர, இந்த ஒரு தடவையாவது அப்பா ஒழுங்காகச் சொல்லட்டும் என்று ஒரு பிடிவாதம்.

பிரகாசம் இத்தனை வருஷமாக இங்கிலீஷைத் தமிழாக்கியிருக்கிறாரே தவிர, தமிழை இங்கிலீஷ் ஆக்கியதே கிடையாது. அந்தப் பக்கமிருந்து யாரும் அவரிடம் எதையும் கொடுத்தனுப்பியதில்லை. மகள் சொன்னது மேடைத் தமிழாகவும் இல்லை. அது கொரட்டூர்த் தமிழாக வந்தது. வந்ததும் போக வழி தெரியாமல் உள்ளேயே நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது. அது புரிந்ததும், அதற்கு முன்னால் தாயார் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து புரிந்தது. சாக்கடை, நிறம், ஆயா, பெட்பேன். அவருக்கு வெட்கமாக இருந்தது. ‘என் மகள் சற்று யோசிக்க விரும்புகிறாள்’ என்ற அழகான இங்கிலீஷ் வாக்கியம் ஒன்று பழக்க தோஷத்தில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை அவர் விழுங்கினார்.

“ஐ டோன்ட் வாண்ட் திஸ் மேரேஜ்” என்றார்.

மகளின் வாயாகத்தான் சொன்னார், வழக்கம்போல். ஆனால் தாயார் பெண்ணைப் பார்க்கவில்லை. பிரகாசத்தைப் பார்த்தார். புன்னகை போய்விட்டது. உங்களுக்கு வேண்டாமா, இத்தனை தூரம் வரவழைத்துவிட்டு என்ன மனுஷர் நீங்கள், அந்தப் பெண்ணையாவது ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று இங்கிலீஷில் பொரிந்தார். பையன்கூட முந்திரியை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

ஜெயபால் பதறிப்போய் பிரகாசத்தின் முழங்கையைப் பிடித்தார். “அண்ணே, நீங்க வேணாம்னு சொல்றதா நெனச்சிக்கிட்டாங்க. உங்களத் திட்டுறாங்க பாருங்க. அது பொண்ணு சொன்னது, நான் வெறும் மொழிபெயர்ப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்க பேரு கெட வேணாம்.”

பிரகாசத்துக்கு அந்த விளக்கம் தூக்கத்தில் கேட்டாலும் வரும். பால்காரரிடமும் ரேஷன் கடையிலும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த விளக்கம். அதைச் சொல்லிவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் எப்போதும்போல் மேடை ஏறலாம். வாயாடி என்ற பேர் ஞானகுமாரிக்குப் போகும். சொல்லாவிட்டால், சொன்ன சொல் தவறியவன் என்று ஜெயபாலே சபை சபையாகக் கொண்டு போவார். நோட்டீஸில் அந்தச் சின்ன எழுத்தும் மிஞ்சாது. பிரகாசம் மகளைப் பார்த்தார். அவள் டம்ளர்களை அடுக்கிய தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அப்பா என்ன சொல்லப் போகிறார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொண்ணு இன்னா சொல்றது” என்றார் பிரகாசம். கொரட்டூர்த் தமிழ் வெள்ளைச் சட்டைக்குள்ளிருந்து தாராளமாக வந்தது. “நான்தான் சொன்னேன். எனக்குத்தான் வாணாம்.” பிறகு தாயாரைப் பார்த்து, அதையே இங்கிலீஷில், சொல்லுக்குச் சொல் சொன்னார். ஒன்றும் சேர்க்கவில்லை.

தாயார் எழுந்தார். கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நாக்பூரில் கற்ற இங்கிலீஷ் முழுவதையும் அங்கேயே கொட்டினார். ஜெயபாலும் தன் பங்குக்கு இங்கிலீஷுக்கு மாறிக்கொண்டார். அந்த இங்கிலீஷ் விளங்காமல் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த ஜெயகுமாரி, கணவரின் சட்டையைப் பிடித்து, “இன்னாங்க சொல்றாங்க? சொல்லுங்களேன்” என்று கேட்டார்.

பிரகாசம் கழுத்துப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கே தாறுமாறாகக் கிடந்த விருந்தாளிகளின் செருப்புகளைக் குனிந்து எடுத்து, ஜோடி சேர்த்து, தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.